அப்பலாச்சிய நெடுவழியில் சிறுநாயுடன் நடைப்பயணம்

அப்பலாச்சிய நெடுவழியில் சிறுநாயுடன் நடைப்பயணம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மேய்ன் மாநிலம் வரை செல்லும் அப்பலாச்சிய நெடுவழியையோ அதன் பெரும் பகுதியையோ சிறிய உடலமைப்புக் கொண்ட நாயுடன் நடந்து கடப்பதைக் குறிக்கும். ஏறத்தாழ 10 கிலோகிராமுக்கு உட்பட்ட எடையுள்ள டெரியர், மினியேச்சர் ஷ்னாசர் போன்ற இனத்து நாய்களும் கலப்பின நாய்களும் இக்கட்டுரையில் சிறுநாய் எனப்படுகின்றன. நாயுடன் நெடுவழி நடப்பது பற்றிய அறிவுரைகளுள் பல பெரிய நாய்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சிறிய உடலுக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை. சில இடங்களில் நேர்மாறாகவும் அமைகின்றன.

இவ்வழக்கம் குறித்து நடைப்பயணிகளிடையே இரு வேறு கருத்துகள் உண்டு. நடப்பவர் தாமே விரும்பி மாதக்கணக்கான உழைப்பை மேற்கொள்கிறார். வலித்தால் நின்றுவிட அவருக்கு உரிமை உண்டு. நாய்க்கு அப்படியொரு தெரிவு இல்லை. அது உரிமையாளரைப் பின்தொடர்கின்றது. பல வேளைகளில் வலியை வெளிக்காட்டாமலேயே பின்தொடர்கின்றது. ஆகவே, நாய் நடக்குமா என்பதைவிட, எப்போது நிறுத்துவது என்பதை அதற்காக யார் முடிவு செய்வது என்பதே இத்துறையின் முதன்மையான கேள்வியாக உள்ளது.

நெடுவழி

அப்பலாச்சிய நெடுவழி ஏறத்தாழ 2,190 மைல் (சுமார் 3,500 கி.மீ.) நீளமுடையது. சில பகுதிகள் அவ்வப்போது இடம் மாற்றி அமைக்கப்படுவதால் இந்த நீளம் ஆண்டுதோறும் சிறிது மாறும். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி 14 மாநிலங்களைக் கடந்து மேய்னின் கட்டாடின் மலை உச்சியில் முடிவடைகின்றது. பெண்டன் மெக்கே என்பவர் 1921இல் முன்மொழிந்த இவ்வழி 1937இல் முழுமை பெற்றது. 1968ஆம் ஆண்டின் தேசிய நெடுவழிகள் அமைப்புச் சட்டத்தின் மூலம் நடுவணரசின் பாதுகாப்பைப் பெற்றது.

முழு வழியையும் ஓராண்டுக்குள் நடந்து முடிப்பது முழுவழி நடை எனப்படும். இதற்குப் பெரும்பாலும் 5 முதல் 7 மாதங்கள் ஆகும். தொடங்குவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே முடிக்கின்றனர். 150 நாட்களில் முடிக்க வேண்டுமாயின், ஓய்வுநாளே இல்லாமல் நாளொன்றுக்குச் சராசரியாக 23 கி.மீ. நடக்க வேண்டும். உடல்நலமுள்ள சிறுநாய் ஒரு நாள் இத்தொலைவை நடந்துவிடக்கூடும். ஆனால் அடுத்தடுத்து நூறு நாட்கள் நடப்பது முற்றிலும் வேறொரு செயல் ஆகும்.

நாய்கள் தடைசெய்யப்பட்ட பகுதிகள்

நெடுவழியின் மிகப் பெரும்பகுதியில் நாய்களுக்கு அனுமதி உண்டு. மூன்று இடங்களில் மட்டும் இல்லை.

தெற்கிலிருந்து வருவோர் முதலில் எதிர்கொள்வது வட கரோலினா, டென்னசி ஆகிய மாநிலங்களின் எல்லையில் அமைந்த கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா ஆகும். இங்கு ஃபோண்டானா அணைக்கும் டேவன்போர்ட் கணவாய்க்கும் இடைப்பட்ட சுமார் 71 மைல் (115 கி.மீ.) தொலைவு நாய்களுக்கு மூடப்பட்டுள்ளது. நாய்கள் காட்டு விலங்குகளுக்கு நோயைப் பரப்பலாம், அவற்றைத் துரத்தலாம், நாயின் மணமும் குரைப்பும் சிறு விலங்குகளின் வாழ்க்கையைக் குலைக்கலாம், கரடி போன்ற பெரிய விலங்குகளை வழிக்கு ஈர்க்கலாம் என்பன இதற்குக் கூறப்படும் காரணங்கள். நாயுடன் வருவோர் வழக்கமாக அணைக்கு அருகில் நாயைக் கட்டணக் காப்பகம் ஒன்றிடம் ஒப்படைத்து, ஒரு வாரம் கழித்துப் பூங்காவின் மறு எல்லையில் திரும்பப் பெற்றுக்கொள்கின்றனர். இத்தகைய சேவையை முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். தடுப்பூசிச் சான்றிதழ்களும் கையில் இருத்தல் வேண்டும். வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்கா வழியாகவும் நெடுவழி சுமார் 100 மைல் செல்கின்றது. ஆனால் அங்கு வாரில் பிடிக்கப்பட்ட நாய்கள் அனுமதிக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே துறையின் கீழ் இயங்கும் பூங்காக்களே. எனவே ஒரு பூங்காவின் விதியைக் கொண்டு மற்றொன்றின் விதியை ஊகித்தல் கூடாது.

இரண்டாவது இடம் நியூயார்க் மாநிலத்தின் பேர் மலைப் பூங்காவில் உள்ள சிறிய விலங்குக் காட்சிசாலை ஆகும். நெடுவழி இதன் ஊடாகவே செல்கின்றது. முழு வழியிலும் மிகத் தாழ்வான இடம் (கடல் மட்டத்திலிருந்து சுமார் 38 மீட்டர்) இக்காட்சிசாலைக்குள்தான் உள்ளது. நாயுடன் செல்வோருக்குச் சுற்றுவழி இருப்பதால் இது ஒரு பெரிய தடையன்று.

மூன்றாவது இடம் மேய்ன் மாநிலத்தின் பாக்ஸ்டர் மாநிலப் பூங்கா. வழியின் வட முனையான கட்டாடின் மலை இப்பூங்காவுக்குள் அமைந்துள்ளதால் இத்தடையே மனத்தை மிகவும் வருத்தக்கூடியது. ஆறு மாதங்கள் உடன் நடந்த நாயைக் கடைசிச் சில மைல்களுக்கு முன்னால் விட்டுவிட்டு, உரிமையாளர் தனியாக உச்சிக்குச் செல்ல நேர்கின்றது. பலர் அருகிலுள்ள மில்லினாக்கெட் ஊரில் நாயை விட்டுச் செல்கின்றனர். இதன் விளைவாக, பயிற்சி பெற்ற உதவிநாய்களைத் தவிர, வேறெந்த நாயும் விதிகளை மீறாமல் அப்பலாச்சிய நெடுவழியை முழுமையாக நடக்க இயலாது.

இப்பூங்காவின் நிலங்களை வாங்கி மாநிலத்துக்குக் கொடையளித்த பெர்சிவல் பாக்ஸ்டர் நாய்களின் பேரன்பர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. 1921 முதல் 1925 வரை மேய்னின் ஆளுநராக இருந்த அவர், தமது ஐரிஷ் செட்டர் இன நாயான கேரி 1923இல் இறந்தபோது மாநில அரசு மாளிகையின் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட உத்தரவிட்டார். அது அக்காலத்தில் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பின்னர் 1930 முதல் 1962 வரை தமது சொந்தப் பணத்தில் பகுதி பகுதியாக நிலங்களை வாங்கி, அவை என்றென்றும் இயற்கை நிலையிலேயே காக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன் வழங்கினார். நாயை நேசித்தவரின் பெயர் தாங்கிய காட்டில் நாய்க்கு இடமில்லை என்பது முரணாகத் தோன்றலாம். அக்காடு முதலில் அங்கு வாழும் விலங்குகளுக்கு உரியது என்ற கொள்கையுடன் சேர்த்துப் பார்த்தால் இதில் பெரிய முரண் இல்லை.

உதவிநாய் என்பது உடற்குறைபாடு உடைய ஒருவருக்காகக் குறிப்பிட்ட பணியைச் செய்யப் பயிற்றுவிக்கப்பட்ட நாயை மட்டுமே குறிக்கும். மனத்துணைக்காக வைத்திருக்கும் நாய் இதில் அடங்காது. தடைகளைத் தவிர்ப்பதற்காகச் செல்ல நாய்க்கு உதவிநாய் மேலுடை அணிவித்துச் செல்வது, உண்மையான உதவிநாய்களுடன் வருவோர் மீது பிறர் ஐயம் கொள்ளக் காரணமாகின்றது.

வார்

தேசியப் பூங்காச் சேவையின் நிலங்களில் நாயை ஆறு அடிக்கு (1.8 மீட்டர்) மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். நெடுவழியின் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதிக்கு இது பொருந்தும். எஞ்சிய பகுதிகளிலும் வாரைப் பயன்படுத்துமாறு நெடுவழியைப் பேணும் அமைப்பான அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி கேட்டுக்கொள்கின்றது.

தம் நாய் யாரையும் துன்புறுத்தாது என்பது சிறுநாய் வைத்திருப்போர் கூறும் வழக்கமான காரணம். ஆனால் வார் பிறரைக் காப்பதற்கு மட்டும் உரியதன்று. வாரில்லாத நாய் கரடியைக் கண்டால் குரைத்துக்கொண்டு பாய்ந்து, கரடி திரும்பித் தாக்கும்போது அஞ்சி நேராக உரிமையாளரிடமே ஓடிவரும். பின்னால் கரடியும் வரும். பாறை இடுக்கில் சுருண்டிருக்கும் கிலுகிலுப்பைப் பாம்பை முகர்ந்து பார்ப்பதும் பெரும்பாலும் வாரில்லாத நாயே. பாம்பின் நஞ்சு உடல் எடைக்கேற்பத் தாக்கும் தன்மையது ஆகையால், பெரிய நாய் தாங்கிக்கொள்ளும் ஒரு கடியைச் சிறுநாய் தாங்காமல் போகலாம். கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றி அணியும் பட்டையே இவ்வழிக்கு ஏற்றது. முதுகுப்புறத்தில் கைப்பிடி உள்ள பட்டையாக இருப்பின், செங்குத்தான இடங்களில் நாயை ஒரு கையால் தூக்கிவிடலாம்.

சிறிய உடலின் இயல்புகள்

ஒரு பொருளின் அளவு குறையக் குறைய அதன் கன அளவை ஒப்பிடும்போது மேற்பரப்பு மிகுதியாகின்றது. உடலின் வெப்பம் உருவாவது கன அளவில். அது வெளியேறுவது மேற்பரப்பின் வழியே. எனவே சிறுநாய் பெரிய நாயைக் காட்டிலும் விரைவாகக் குளிர்ந்துவிடுகின்றது. அதன் வயிறு தரைக்கு மிக அருகில் இருப்பதால், மழை பெய்த மறுநாளும் வழியோரப் புற்களின் ஈரம் வயிற்றை நனைத்துக்கொண்டே இருக்கும். உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பநிலையிலும், காற்றும் மழையும் சேர்ந்தால் சிறுநாய்க்கு உடல்வெப்பக் குறைவு ஏற்படலாம். நடுங்குவது முதல் அறிகுறி. நடுக்கம் நின்று நாய் சோர்ந்துவிட்டால் நிலை தேறிவிட்டது என்று கருதுதல் தவறு. நிலை மோசமடைந்துள்ளது என்பதே அதன் பொருள். நாயைத் துடைத்து உலர்த்தித் தூக்கப்பைக்குள் தம் உடலோடு அணைத்துக்கொள்வதே காட்டில் கிடைக்கும் சிறந்த மருத்துவம். இதைப் பெரிய நாய்க்குச் செய்வது கடினம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, நாய்கள் மனிதரைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே ஓரளவு வியர்க்கும். மூச்சிரைப்பதன் மூலமே பெரும்பாலும் அவை தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் இம்முறை பலனளிப்பது குறைகின்றது. வர்ஜீனியா முதல் நியூயார்க் வரையுள்ள தாழ்வான பகுதிகளை வடக்கு நோக்கி நடப்போர் பெரும்பாலும் கோடையில், புழுக்கம் மிகுந்த நாட்களில் கடக்கின்றனர் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை சுமார் 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு; 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சிரைப்பதே கடினம் ஆகையால் அவை இத்தகைய பயணத்துக்கு ஏற்றவை அல்ல. வளர்ச்சி முடியாத குட்டிகளும் அவ்வாறே. எலும்பின் வளர்தட்டுகள் மூடிக்கொள்ளும் முன்னர் நெடுந்தொலைவு நடத்தினால் மூட்டுகள் நிலையாகப் பழுதடையலாம். சிறிய இனங்களுக்கும் ஏறத்தாழ ஓராண்டு நிறையும் வரை பொறுத்திருப்பது நலம்.

கால்களின் நீளமும் கருத்திற் கொள்ளத்தக்கது. மனிதர் ஒரே எட்டில் ஏறும் பாறைப்படி, சிறுநாய்க்குத் தன் தோளுயரத்துக்கு மேற்பட்ட சுவராகும். அது ஒவ்வொரு படியிலும் தாவ வேண்டியுள்ளது. இறங்கும்போது முழு எடையும் முன்னங்கால்களில் விழுகின்றது. மாலையில் மனிதர் உணரும் முழங்கால் வலியை நாய் தன் தோள்களில் உணர்கின்றது எனலாம்.

இவற்றுக்கெல்லாம் ஈடாகச் சிறுநாய்க்கு ஒரு பெரும் நன்மை உண்டு. அதைத் தூக்கிச் செல்ல முடியும். 30 கிலோ எடையுள்ள நாய் மலைமேல் காலொடிந்து கிடந்தால் மீட்பதற்குப் பலர் தேவை. 8 கிலோ நாயை ஒருவரே முதுகுப்பையில் வைத்துச் சாலை வரை கொண்டுவந்துவிடலாம். நாயுடன் தனியாக நடப்பவருக்கு இந்த ஒரு வேறுபாடே பெரிது.

உணவும் சுமையும்

நாயின் ஓய்வுநிலை ஆற்றல் தேவையைக் கணக்கிடக் கால்நடை மருத்துவத்தில் ஓர் எளிய சூத்திரம் உண்டு. நாயின் எடையைக் கிலோகிராமில் எடுத்து, 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்கினால் ஒரு நாளுக்குரிய கிலோகலோரி கிடைக்கும். இதன்படி 8 கிலோ நாய்க்குச் சுமார் 333 கிலோகலோரியும், 30 கிலோ நாய்க்குச் சுமார் 897 கிலோகலோரியும் தேவை. ஒரு கிலோ எடைக்கு எனப் பார்த்தால், சிறுநாய்க்கு 42. பெரிய நாய்க்கு 30. அதாவது சிறுநாய் தன் எடைக்கு மிகுதியாக உண்ண வேண்டியுள்ளது.

நாள்தோறும் மலையேறும் நாய்க்கு ஓய்வுநிலைத் தேவையைப் போல் பல மடங்கு உணவு வேண்டும். மூன்று மடங்கு எனக் கொண்டால் 8 கிலோ நாய்க்கு 1,000 கிலோகலோரி ஆகும். 100 கிராமுக்கு 350 கிலோகலோரி தரும் உலர்தீனியில் இது ஏறத்தாழ 285 கிராம். ஐந்து நாட்களுக்கு 1.4 கிலோ. இதே கணக்கில் 30 கிலோ நாய்க்கு ஐந்து நாட்களுக்கு 3.8 கிலோ தேவைப்படும். கணக்கு ஒரு தொடக்கமே. விலா எலும்புகளை விரலால் தடவிப் பார்ப்பதும், ஊர்களை அடையும்போது எடை பார்ப்பதும் உண்மையான அளவைக் காட்டும். உலர்தீனியின் வகையைத் திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு ஏற்படும் ஆதலால், பழகிய தீனியைச் சிலர் முன்னதாகவே வழியிலுள்ள ஊர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவைக்கின்றனர்.

பெரிய நாய்கள் தம் உணவைத் தாமே இருபக்கப் பையில் சுமப்பதுண்டு. சிறுநாய் தன் எடையில் பத்தில் ஒரு பங்கைச் சுமந்தாலும் அது 800 கிராமே. பையின் எடை போக எஞ்சுவது சொற்பம். பை உராய்ந்து தோல் புண்ணாவதுதான் மிச்சம். எனவே நாயின் சுமையையும் மனிதரே சுமப்பது நல்லது.

பாதங்களும் பாறைகளும்

பாதத்தின் அடிச்சதை நடக்க நடக்கக் கடினமாகும். ஆனால் அதற்குச் சில வாரங்கள் ஆகும். வீட்டுத் தரையிலிருந்து நேரே மலைக்குக் கொண்டுவரப்படும் நாயின் பாதம் முதல் வாரத்திலேயே கிழிவதற்கு இதுவே காரணம். பென்சில்வேனியா மாநிலத்தின் வட பாதி, கூர்முனைகள் மேல்நோக்கி நிற்கும் பாறைத் துண்டுகளுக்குப் பேர்பெற்றது. மனிதரின் காலணிகளே அங்கு பிய்ந்துபோகின்றன. நாய்களுக்கான காலுறைகள் கிடைக்கின்றன. பயணத்துக்கு முன்பே பழக்காவிட்டால் நாய் அவற்றைக் கடித்துக் கழற்றிவிடும். நனைந்த காலுறை நாள் முழுவதும் காலில் இருப்பதும் புண்ணை உண்டாக்கும்.

மேய்னில் உள்ள மஹூசுக் நாட்ச் என்னும் இடுக்குப் பள்ளத்தாக்கு, வீடு அளவிலான பாறைகள் சரிந்து குவிந்த ஒரு மைல் நீளப் பகுதி. முழு வழியிலும் மிகக் கடினமான மைல் என்று இது பலரால் சொல்லப்படுகின்றது. பாறைகளுக்கு அடியில் தவழ்ந்து செல்ல வேண்டிய இடங்களில் சிறுநாய் மனிதரைவிட எளிதாகச் சென்றுவிடும். பாறைக்குப் பாறை தாவ வேண்டிய இடங்களில் அதைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இருவராகச் செல்வோர் ஒருவர் மேலே நின்று வாங்கிக்கொள்ளலாம். தனியாகச் செல்வோர் முதுகுப்பையைக் கழற்றிவிட்டு நாயைத் தூக்கி வைத்து, பிறகு பையை எடுத்துவர வேண்டியுள்ளது. ஒரு மைல் கடக்க அரைநாள் ஆவது வியப்பன்று.

உண்ணிகளும் நச்சுகளும்

கரடியும் பாம்பும் பெறும் கவனத்தை உண்ணிகள் பெறுவதில்லை. ஆனால் இவ்வழியில் நாய்க்கும் மனிதருக்கும் மிகுதியாகத் தீங்கு செய்வது உண்ணியே. கருங்கால் உண்ணி பரப்பும் லைம் நோய், 1970களின் நடுவில் அந்நோய் கூட்டமாகக் கண்டறியப்பட்ட கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படுகின்றது. நெடுவழி கனெக்டிகட் வழியாகவும் செல்கின்றது. நாயிடம் நொண்டுதல், காய்ச்சல், மூட்டு வீக்கம் என்பன அறிகுறிகள். அரிதாகச் சிறுநீரகமும் பழுதாகும். பொதுவாக உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் ஆகையால், ஒவ்வொரு மாலையும் காதுமடல், அக்குள், விரலிடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து உண்ணிகளை அகற்றுவது பயனளிக்கும். நாய்களுக்கு லைம் நோய்த் தடுப்பூசி உண்டு. மனிதருக்காக விற்கப்பட்ட தடுப்பூசி ஒன்று 2002இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது என்பது வேடிக்கையான ஒரு வேறுபாடு.

முள்ளம்பன்றியின் முட்கள் நுண்ணிய கொக்கிகள் கொண்டவை. இழுக்காமல் விட்டால் உள்நோக்கி நகரும். முகத்தில் பல முட்கள் தைத்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே ஏற்றது.

நடைப்பயணியின் உணவுப் பையே மற்றொரு ஆபத்து. சாக்லேட்டும் உலர்திராட்சையும் கலந்த கொட்டைக் கலவை நெடுவழியில் எங்கும் காணப்படும் நொறுக்குத்தீனி. இவ்விரண்டும் நாய்க்கு நஞ்சு. சர்க்கரையற்ற சூயிங்கத்திலும் சில வகை நிலக்கடலை வெண்ணெயிலும் உள்ள சைலிடால் என்ற இனிப்பூட்டி, நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனக் குறைத்துவிடும். நடப்போர் மூட்டுவலிக்காக உட்கொள்ளும் ஐபுப்ரோஃபென் மாத்திரை இவை எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே 8 கிலோ நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கப் போதுமானது. நொண்டும் நாய்க்கு இரக்கப்பட்டுத் தம் மாத்திரையில் பாதியைக் கொடுப்பது இரக்கம் ஆகாது.

தங்குமிடங்களும் பிற நடைப்பயணிகளும்

நெடுவழியில் 250க்கும் மேற்பட்ட தங்குகொட்டகைகள் உள்ளன. பெரும்பாலானவை மூன்று பக்கச் சுவரும் ஒரு மரத்தளமும் மட்டுமே கொண்டவை. நனைந்த நாய் அத்தளத்தில் ஏறி உதறினால் எட்டுப் பேரின் தூக்கப்பைகள் நனையும். நாய்க்கு அஞ்சுவோரும் ஒவ்வாமை உடையோரும் அங்கு இருக்கலாம்; அவர்களுக்கு வேறு புகலிடம் இல்லை. ஆகவே நாயுடன் செல்வோர் கொட்டகையைத் தவிர்த்துத் தம் கூடாரத்தில் தங்குவது நல்வழக்கமாகக் கருதப்படுகின்றது. நீரூற்றுகளில் நாயை மனிதர் நீர் எடுக்கும் இடத்துக்குக் கீழ்ப்புறமாகவே குடிக்கவிட வேண்டும். கழிவை நீர்நிலையிலிருந்தும் வழியிலிருந்தும் சுமார் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் புதைத்தல் வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் நடத்தும் உணவுடன் கூடிய தங்குமனைகளுக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை.

அறியப்பட்ட நாய்கள்

பார்வையற்றவரான பில் இர்வின், ஓரியண்ட் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு வழிகாட்டி நாயுடன் 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜார்ஜியாவில் புறப்பட்டு நவம்பர் மாதம் மேய்னில் முடித்தார். முழு வழியையும் நடந்த முதல் பார்வையற்றவர் இவரே. வழியில் இருவரையும் சேர்த்து ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் என்று அழைத்தனர். இர்வின் ஆயிரக்கணக்கான முறை விழுந்து எழுந்தார். ஓரியண்ட் சிறுநாயன்று, ஆயினும், நாய் இல்லாமல் நடந்திருக்கவே முடியாத பயணம் என்ற வகையில் இது தனித்து நிற்கின்றது.

சிறுநாய்களுள் பரவலாக அறியப்பட்டது, ஆட்டிகஸ் என்ற மினியேச்சர் ஷ்னாசர் ஆகும். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றிதழை நடத்திவந்த டாம் ரயன், இந்நாயுடன் நியூ ஹாம்ப்ஷயரில் 4,000 அடிக்கு மேற்பட்ட 48 உச்சிகளிலும் ஏறினார். அப்பலாச்சிய நெடுவழி இவற்றுள் பலவற்றின் மீது செல்கின்றது. புற்றுநோயால் இறந்த தோழி ஒருவரின் நினைவாக, 2006-07 குளிர்காலத்தில் 48 உச்சிகளிலும் இருமுறை, அதாவது 96 முறை ஏற முயன்று, 81 ஏற்றங்களை முடித்தார். 1934இல் மணிக்கு 372 கி.மீ. வேகக் காற்று பதிவான வாஷிங்டன் மலையும் அந்த 48இல் ஒன்று என்பதைக் கொண்டு இம்முயற்சியின் கடுமையை உணரலாம். குளிர்காலத்தில் நாய்க்கு உடலுறையும் காலுறைகளும் அணிவிக்கப்பட்டன. எண்ணிக்கையை எட்டாமல் நின்ற இம்முயற்சியைப் பற்றி ரயன் எழுதிய நூல் 2011இல் வெளிவந்து பரவலாக வாசிக்கப்பட்டது.

நிறுத்தும் முடிவு

நாய்கள் கூட்டத்தை விட்டுப் பிரிய விரும்பாத விலங்குகள். உரிமையாளர் எழுந்து நடந்தால், புண்பட்ட பாதத்துடனும் எழுந்து பின்தொடரும். எனவே நாய் நடந்துகொண்டிருக்கிறது என்பது நாய் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. காலையில் எழத் தயங்குதல், வழக்கமாக முன்னால் செல்லும் நாய் பின்தங்குதல், பாதத்தை ஓயாமல் நக்குதல், தீனியை முகர்ந்துவிட்டு விலகுதல், வாலைத் தொங்கவிடுதல் ஆகியன கவனிக்க வேண்டிய குறிகள். இவற்றுள் ஒன்று ஒருநாள் தோன்றினால் ஓய்வு தரலாம். ஓய்வுக்குப் பின்னும் தொடர்ந்தால் நாயின் பயணம் முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

நடைமுறையில் இம்முடிவு கடினமானது. வேலையை விட்டு, சேமிப்பைச் செலவிட்டு, ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு வந்தவருக்கு நாயின் நொண்டல் ஒரு நாள் தாமதமாகத் தெரிவதுண்டு. இதை முன்னறிந்தவர்கள், தேவைப்பட்டால் நாயை வந்து அழைத்துச் செல்லக்கூடிய உறவினர் அல்லது நண்பர் ஒருவரைப் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்துவைக்கின்றனர். அத்தகைய ஏற்பாடு இருப்பவர் நாயை நான்கு நாட்கள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்புவார். இல்லாதவர் நான்கு நாட்கள் கூடுதலாக நடத்துவார். முழு வழியையும் கடப்பதற்குப் பதிலாக, நாயை அனுமதிக்கும் 100 அல்லது 200 மைல் பகுதி ஒன்றை இளவேனிற்காலத்திலோ இலையுதிர்காலத்திலோ நடப்பது சிறுநாய்க்கு மிகவும் பொருந்தும். ஷெனாண்டோவா பகுதி, ஏற்றம் மிதமாகவும் சாலை அருகிலும் இருப்பதால், இதற்கு ஏற்றது.

பிற நெடுவழிகளில்

மேற்குக் கரையின் பசிபிக் கிரெஸ்ட் நெடுவழி (சுமார் 2,650 மைல்) யோசெமிட்டி, செக்கோயா-கிங்ஸ் கேன்யன் முதலிய தேசியப் பூங்காக்கள் வழியாகச் செல்கின்றது. அப்பூங்காக்களின் காட்டுவழிகளில் நாய்களுக்கு அனுமதி இல்லாததால் நாயுடன் அதை முழுமையாக நடப்பது இன்னும் கடினம்.

இங்கிலாந்தில் நிலைமை வேறானது. 1965இல் திறக்கப்பட்ட பென்னைன் வழி (268 மைல்) பெரும்பாலும் ஆட்டு மந்தைகள் மேயும் நிலங்களில் செல்கின்றது. பொது நடைவழிகளில் நாயை உடன் கொண்டுசெல்லலாம். ஆனால் திறந்தவெளி அணுகல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும். கால்நடைகளுக்கு அருகில் ஆண்டு முழுவதும் இவ்விதி பொருந்தும். அங்கு கரடியும் கிலுகிலுப்பைப் பாம்பும் இல்லை. ஆபத்து கன்றுடன் நிற்கும் பசுவிடமிருந்து வருகின்றது. பசு நாயைக் குறிவைத்து ஓடிவரும்போது நாயைத் தூக்கிக்கொள்வதே சிறுநாய் வைத்திருப்பவரின் முதல் எண்ணமாக இருக்கும். அவ்வாறு செய்தால் பசு மனிதரையே தாக்கும். வாரைக் கைவிட்டுவிடுமாறு அந்நாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. சிறுநாயும் பசுவைவிட வேகமாக ஓடித் தப்பிக்கும்.